முந்நூறு பேருக்குச் சமைத்த கை

என் அண்ணிக்கு நாலு பேருக்குச் சமைக்கத் தெரியாது. முந்நூறு பேருக்கு என்றால் தூக்கத்தில்கூடச் செய்வாள். கல்யாணமாகி வந்த வருடமே ஒரு நூல் ஆலையின் கேன்டீனில் காய் நறுக்கச் சேர்ந்து, மெல்ல மெல்ல அந்த அடுக்களைக்கே தலைமைச் சமையல்காரியானவள். அவள் பிடித்த கரண்டி என் இடுப்பு உயரம் இருக்கும். உலை எந்தப் பதத்தில் கொதிக்கிறது என்பதை வாசலில் நின்றே காதால் சொல்லிவிடுவாள். ஆலைக்காரர்கள் ஒருநாள் கேன்டீனை மூடினார்கள். இனிமேல் வெளியிலிருந்து பொட்டலம் வரும் என்று சொல்லிவிட்டார்கள். ஐம்பது வயதில் அந்தக் கை எங்கள் வீட்டுச் சின்ன அடுப்பின் முன்னால் வந்து நின்றது.

எங்கள் வீடு ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. சமையலறையில் ஒருவர் குனிந்தால் இன்னொருவர் வெளியே போய்விட வேண்டும். அண்ணன் டவுன் பஸ் ஓட்டுகிறான். அவர்களுக்கு ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். ஒரு தம்ளரைக்கூட நகர்த்தி வைக்காமல் எல்லோரையும் வேலை வாங்குவதால் அவளுக்கு மகாராணி என்று பேர். நாலாவது ஆள் நான், அண்ணனின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணனோடேயே தங்கிவிட்டவள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணில் என்ன கோளாறு என்று பார்ப்பதால் வீட்டுக்கு வந்தும் எனக்கு அந்தப் புத்தி போவதில்லை என்பது அண்ணியின் புகார்.

அதுவரை வீட்டுச் சமையல் என் பொறுப்பில் இருந்தது. விடியும் முன்னே ஆலை வேனில் ஏறிப் போய், பகலெல்லாம் அனலில் நின்றுவிட்டு வருகிறவளை மறுபடியும் அடுப்பண்டை விடுவது பாவம் என்று நானே எடுத்துக்கொண்டது. நன்றாகச் சமைப்பேன் என்று நானும் சொல்லிக்கொண்டதில்லை, மற்றவர்களும் சொன்னதில்லை. வாணலியை அடுப்பில் வைத்துவிட்டுத் தோழியோடு போனில் பேசப் போவேன். வாசனை வந்தால் திரும்பி வருவேன். கேன்டீன் மூடிய மறுநாள் காலையில் அண்ணி வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, இனி நீ போய் உட்கார் என்றாள். பெரிய பாரம் இறங்கியது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ சுருக்கென்று இருந்தது.

முதல் வாரம் வேடிக்கையாகப் போயிற்று. அண்ணி கைக்கு அளவைக் குறைக்கத் தெரியவில்லை. பருப்பை அள்ளிப் போட்டால் அது அடுக்குமாடி முழுமைக்கும் காணும். கீழ்வீட்டுத் தையல்காரர், எதிர்வீட்டு வாத்தியார் என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கிண்ணம் கிண்ணமாகப் போயிற்று. சரி, வகுத்துப் போடலாம் என்று முந்நூறு பேருக்கான உப்பை மனக்கணக்காக நாலு பேருக்கு வகுத்துப் பார்த்தாள். வந்த விடையில் உப்பே இல்லை. எங்கள் மகாராணி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். அண்ணி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது.

அண்ணனுக்குச் சர்க்கரை ஏறிக் கிடந்தது. டிரைவர்களுக்கு வழக்கமாகச் செய்யும் உடல் பரிசோதனையில் அது தெரிந்துவிட்டது. கம்பெனி டாக்டர் மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் இறங்கினால் பஸ். இறங்காவிட்டால் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு டிப்போ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வரும் வண்டிகளின் நம்பரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சம்பளமும் குறையும். அண்ணியின் சம்பளம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. இதை அண்ணன் வீட்டுக்கு வந்து சொன்னபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது. அவன் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அழவில்லை.

"மூணு மாசம் இருக்குல்ல. சாப்பாட்டை என்கிட்ட விடுங்க" என்றாள் அண்ணி.

பிறகு அவள் பட்ட பாட்டைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கைப்பணமோ கொஞ்சம், வாய்கள் நாலு, அதில் ஒரு வாய்க்குச் சர்க்கரை. கேன்டீனில் மூட்டை விலைக்கு வாங்கிப் பழகியவளுக்குக் கால் கிலோ விலை கேட்டால் நெஞ்சு அடைத்தது. மளிகைக் கடையில் நின்று மூட்டை என்ன விலை என்று கேட்பாள், கடைக்காரரும் மரியாதையாக எழுந்து சொல்வார், கடைசியில் அரைக் கிலோ கடலை வாங்கிக்கொண்டு வருவாள். கொஞ்ச நாளில் அவர் எழுந்திருப்பதை விட்டுவிட்டார். அதற்குள் அண்ணி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். தையல்காரர் வீட்டையும் வாத்தியார் வீட்டையும் சேர்த்துக்கொண்டு, பயறு, கடலை, பருப்பு எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி மூன்று வீடும் பங்கு போட்டுக்கொண்டோம். தராசு எங்கள் வீட்டு மேசைமேல் ஏறியது. கேன்டீனை விட்டு வந்தாலும் அண்ணிக்குப் பின்னால் ஒரு வரிசை நிற்காமல் இருக்காது போலிருக்கிறது.

சோறு குறைந்தது. பயறு, கீரை, காய் கூடின. வாரத்தில் இரண்டு நாள் முட்டை, மீன் மலிந்த அன்றைக்கு மீன். முன்பெல்லாம் நான் தூக்கிப் போட்ட கீரைத் தண்டும் பூசணி விதையும் பீட்ரூட் இலையும் தட்டுக்கு வந்தன. அண்ணன் கையில் தினம் ஒரு மதியச் சாப்பாட்டு டப்பா ஏறியது. அண்ணிக்கு வேறு உடம்பு ஒரு பக்கம் படுத்திக்கொண்டிருந்தது. மாதவிலக்கு நிற்கிற வயசு. சமைத்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று முகமெல்லாம் ஜிவுஜிவு என்று ஏறி வேர்த்துக் கொட்டும். போய் ஃப்ரிட்ஜைத் திறந்து அதன் முன்னால் நிற்பாள். கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று நான் கத்துவேன். உனக்கும் வரும், அன்றைக்குப் பார்க்கிறேன் என்று உள்ளே தலையை வைத்துக்கொண்டே பதில் சொல்வாள்.

அண்ணியிடம் ஒரு பழக்கம் உண்டு. சாப்பாடு எப்படி இருக்கிறது என்று யாரையும் கேட்கமாட்டாள். கேன்டீனில் சாப்பிட்ட தட்டைத் திருப்பிப் போடுகிற ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வாளாம். தட்டில் என்ன மிச்சம் என்று பார்ப்பாளாம். கேட்டால் மனிதர்கள் முகத்துக்காக நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், தட்டு அப்படி முகம் பார்க்காது என்பது அவள் கட்சி. அதையே வீட்டிலும் செய்தாள். நாங்கள் எழுந்ததும் நாலு தட்டையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பாள். மகாராணியின் தட்டில் எப்போதும் ஓரமாகக் கீரை இருக்கும், என் தட்டில் பீட்ரூட் இலை இருக்கும். மத்தியானம் அண்ணன் கொண்டுபோன டப்பா மட்டும் கழுவி வைத்த மாதிரி வரும். அதைத் திறந்து பார்க்கும்போது அண்ணி முகத்தில் வருகிற பூரிப்பைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. நான் சமைத்த காலத்தில் அவன் டப்பா கொண்டுபோனதே இல்லை.

இரண்டாம் மாதம் முடிகிற சமயம் அண்ணன் தானாகவே ஒரு லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்தான். இறங்கவில்லை. போன தடவையைவிட ஒரு பிடி ஏறியே இருந்தது.

அண்ணி லேப் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னும் சோற்றைக் குறைக்கலாமா, பூசணியை விட்டுவிடலாமா என்று கேட்டாள். தன் கையில்தான் ஏதோ தப்பு என்று அவளுக்கு. டப்பா காலியாக வருகிறதே, அத்தனையும் சாப்பிடுகிறாரே, அப்புறம் எப்படி என்று என்னிடம் வந்து புலம்பினாள். எனக்கு அண்ணன்மேல் கொஞ்சம் சந்தேகம் வந்தது. அவன் டப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தாலே பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடிக்கிறான். ஆனால் வாயைத் திறந்து குடும்பத்தில் குழப்பம் பண்ணினாள் என்ற பேர் எனக்கெதற்கு என்று சும்மா இருந்தேன்.

குழப்பம் தானாகவே மாடிப்படி ஏறி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டியது அண்ணனின் பஸ் கண்டக்டர். முப்பதைத் தாண்டிய, வாய் ஓயாத ஆள். தோளில் ஒரு பூசணிக்காய், முகமெல்லாம் பல். நேரே அண்ணியிடம் போய்ப் பூசணிக்காயைக் கொடுத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணி, உங்க புண்ணியத்துல எனக்குச் சர்க்கரை இறங்கிடுச்சு. என்ன மாத்திரை சாப்பிடறேன்னு டாக்டரே கேக்கறாரு. எங்க அண்ணி தினமும் எனக்காகச் சமைச்சு அனுப்பறாங்கன்னு சொன்னேன்."

மகாராணி காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள். அண்ணன் கையில் பேப்பர் இருந்தது, ஆனால் தலைகீழாக இருந்தது. பாவம், கண்டக்டருக்கு ஒன்றும் தெரியாது. உனக்காகத்தான் வீட்டிலிருந்து கொடுத்துவிடுகிறாள் என்று அண்ணன் அளந்து வைத்திருந்தான், அவரும் நம்பி வழித்து வழித்துச் சாப்பிட்டிருக்கிறார். டப்பாவை அவர்தான் கழுவியும் கொடுத்திருக்கிறார். எங்கள் ஆளோ கடைசி ஸ்டாப்பில் உள்ள கடையில் பன்னும், எண்ணெயில் பொரித்ததும், மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீயுமாகப் பகலை ஓட்டியிருக்கிறான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அண்ணி கண்டக்டருக்குத் தண்ணீர் கொடுத்தாள், நல்லபடியாகப் பேசி அனுப்பினாள். அப்புறம் சமையலறைக்குள் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து வெகுநேரம் நின்றாள். இந்தத் தடவை கரண்ட் பில்லைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அண்ணன் சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டு, திட்டிவிடேன் என்றான். அவள் திட்டவில்லை. திரும்பி வந்து அவன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எத்தனையோ ஆயிரம் பேருக்குச் சோறு போட்டவள், தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரைப் பார்த்துக் கேட்டாள்.

"என் சாப்பாட்ல என்ன குறைன்னு சொல்லுங்க. கோபப்பட மாட்டேன்."

அண்ணன் நெளிந்தான். ஒன்றுமில்லை என்றான். அண்ணி எழுந்திருக்கவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"குறை ஒண்ணும் இல்ல. உப்பு, காரம் எல்லாம் சரியாதான் இருக்கு. ஆனா டப்பாவைத் திறந்தா ஏதோ வரிசையில நின்னு வாங்கின மாதிரி இருக்கு. எனக்குன்னு செஞ்ச மாதிரி இல்ல."

அண்ணிக்கு அது எங்கேயோ போய்க் குத்தியது, எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அவள் சண்டைக்குப் போகவில்லை. அவன் சொல்வது நிஜம்தான் என்றாள். முந்நூறு பேருக்கு ஆக்கும்போது யாருக்கும் பிடிக்காமல் போய்விடக் கூடாது என்றுதான் பார்ப்பார்களாம். காரம் ஒருவருக்குத் தூக்கல், ஒருவருக்கு மட்டு, அதனால் நடுவில் நிறுத்துவார்களாம். யாருக்காவது ரொம்பப் பிடிக்க வேண்டும் என்று அந்த அடுக்களையில் ஒருநாளும் சமைத்ததில்லையாம். இதைச் சொல்லிவிட்டு, சரி, உங்களுக்கு என்னதான் பிடிக்கும் என்று கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்துக் கேட்கிற கேள்வி. அண்ணன் என் பக்கம் கை காட்டினான்.

"இவ செய்வாளே, கொஞ்சம் தீஞ்சு போய். அது பிடிக்கும்."

நான் நாற்காலியிலிருந்து விழாதது அதிசயம். இத்தனை காலம் கருக்கிக் கருக்கி வைத்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது. மகாராணி விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணிக்கு மட்டும் அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. ஓரம் கருகிய பீன்ஸ், ஒருபக்கம் பிடித்துப்போன முட்டைக்கோஸ், அதன்மேல் எலுமிச்சை பிழிந்து மூடி மறைத்த என் திருட்டுத்தனம், எல்லாவற்றையும் அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் காது கொடுத்துக் கேட்டாள். மறுநாள் காலையில் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, எப்படிக் கருக்குவாய் என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

என் வித்தை ஒன்றுதான்: வைத்துவிட்டுப் போய்விடுவது. அதைத்தான் அண்ணியால் செய்ய முடியவில்லை. கேன்டீனில் ஒரு அண்டா அடிப்பிடித்தால் முந்நூறு பேர் பட்டினி. அந்தப் பயம் அவள் எலும்பில் ஏறியிருந்தது. இரும்பு வாணலியில் சொட்டு எண்ணெய் விட்டுப் பீன்ஸைப் போட்டோம். அண்ணி கை தானாகக் கரண்டிக்குப் போயிற்று. கரண்டியை நான் பிடுங்கினேன். தோசைத்திருப்பியை எடுத்தாள். அதையும் பிடுங்கினேன். வேறு வழியில்லாமல் அவள் இரண்டு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசற்படியில் நிற்கவைத்தேன். உள்ளேயிருந்து சத்தம் மாறியது. எனக்குக் கேட்காத சத்தம் அவளுக்குக் கேட்கும். "பிடிக்குது, பிடிக்குது, விடேன்" என்று கையை உதறினாள். முகம் சிவந்து வேர்த்தது. இன்னும் கொஞ்சம் என்று நான் விடவில்லை. புகை தெரிந்த பிறகுதான் விட்டேன். முதல் நாள் கரிதான் மிச்சம். தையல்காரர் வீட்டிலிருந்து ஏதாவது தீப்பிடித்ததா என்று கேட்டு ஆள் வந்தது.

மூன்றாம் முறை பதம் வந்துவிட்டது. அண்ணி அண்ணிதான். நான் தற்செயலாகக் கருக்கியதை அவள் தெரிந்து கருக்கினாள். பீன்ஸுக்கு இவ்வளவு, பூசணித் துண்டுக்கு இவ்வளவு, வேகவைத்த கடலைக்கு மேலே மொறுமொறுவென்று ஒரு சுற்று. புளிப்பு தூக்கல், பூண்டு தூக்கல், சோறு ஒரு கைப்பிடி. மகாராணிக்குக் கீரையைத் தனியாக முட்டையோடு புரட்டினாள், அவள் தட்டோரமும் காலியாயிற்று. நாலு பேருக்கும் நாலு விதமாக இருந்தாலும் பொருள் ஒன்றுதான், செலவும் ஏறவில்லை. கண்டக்டருக்கு அண்ணி தனி டப்பா கட்டினாள். நீ பாட்டுக்கு நன்றி சொல்ல வராதிருந்தால் நான் இன்னும் முட்டாளாகவே இருந்திருப்பேன் என்று அவரிடமே சொன்னாள். அவர் கடைசி டிரிப்பில் காய்கறிச் சந்தைப் பக்கம் போகிறபோது, கோணல் கேரட், வெடித்த தக்காளி என்று கடைக்காரர்கள் அடிமாட்டு விலைக்குத் தள்ளுவதை ஒரு பை வாங்கி வருவார். அண்ணன் பகலில் என்ன சாப்பிட்டான் என்ற துப்பும் அந்தப் பையோடு வரும்.

மூன்றாம் மாதக் கடைசியில் அண்ணன் கம்பெனி டாக்டரிடம் போனான். அன்றைக்கு நான் கடைக்கு லீவு போட்டேன். அண்ணி காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடாமல், துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தாள். பயமாக இருக்கிறது என்று என்னிடம் வாய்விட்டுச் சொன்னாள். எனக்கும்தான் என்றேன். மத்தியானத்துக்கு மேல் அண்ணன் போன் செய்தான். இறங்கியிருக்கிறது, பஸ் தனக்குத்தான், நாளைக் காலை முதல் டிரிப்பே தனக்குத்தான் என்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது. அண்ணி போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அண்ணி எழுந்து குளித்து நல்ல புடவை கட்டிக்கொண்டு, வா என்று என்னைக் கூப்பிட்டாள். எங்கே என்றால் சொல்லவில்லை. நடந்து போய்ப் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடத்தில் அண்ணி ஒருநாளும் அண்ணன் ஓட்டிய பஸ்ஸில் ஏறியதில்லை. அவன் முதல் டிரிப் எடுக்கும்போது அவள் ஆலை அடுக்களையில் இருப்பாள். அவன் கடைசி டிரிப் முடிக்கும்போது அவள் அசந்து தூங்கிக்கொண்டிருப்பாள்.

பஸ் வந்தது. முன்வாசலில் ஏறி டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தோம். கண்டக்டர் டிக்கெட் வேண்டாம் என்றார். அண்ணி காசை அவர் கையில் திணித்தாள். அண்ணன் எங்களைக் கவனிக்கவில்லை, ரோட்டில் இருந்தது அவன் கவனம். மேலே இருந்த கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. வீட்டில் எப்போதும் சிடுசிடுவென்று இருக்கிற முகம். இங்கே அது வேறாக இருந்தது. ஒரு கிழவர் தடுமாறி ஏறும்வரை வண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடி வருவதைப் பார்த்து, அவர்களுக்குத் தெரியாமல் வேகத்தைக் குறைத்தான். வளைவில் அந்தப் பெரிய வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் திரும்பியது. உதட்டுக்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அண்ணி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"சம்பளம் போயிடுமேன்னுதான் நான் பயந்தேன்" என்று என் காதருகில் சொன்னாள். "போக இருந்தது இது. எனக்குத் தெரியவே தெரியாது."

கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கினார்கள். நாங்கள் இறங்கவில்லை. அண்ணன் திரும்பிப் பார்த்தான், திடுக்கிட்டான், ஏதாவது ஆகிவிட்டதா, எங்கே போக வேண்டும் என்று கேட்டான்.

"எங்கயும் இல்ல" என்றாள் அண்ணி. "நீங்க ஓட்டறதைப் பாக்க வந்தேன்."

அண்ணன் காலியான பஸ்ஸையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டு, முதுகை நிமிர்த்தி, சீட்டில் நன்றாக உட்கார்ந்தான். அண்ணி கைப்பையைத் திறந்து, திரும்பிப் போகிற பயணத்துக்கும் இரண்டு டிக்கெட் வாங்கினாள்.